சிறுநீர்ப் பரிசோதனையும் மாதிரியின் மதிப்பும்

சென்ற தணிக்கையின்போது ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், வைத்தியச் செலவுக்காகச் சிக்கன நிதியிலிருந்து முன்பணம் கோரி அங்கத்தினர் ஒருவர் கொடுத்திருந்த மனுவைப் பார்க்க நேர்ந்தது. மனுவோடு நான்கு காகிதங்கள் இணைக்கப்பட்டிருந்தன. முதலாவது, அவர் மனைவியாரின் சிறுநீரைச் சோதித்த ஓர் ஆய்வுச்சாலையின் அறிக்கை. "கலப்பு வளர்ச்சி, மாதிரியை மறுமுறை அனுப்புக" என்று அதிற் கண்டிருந்தது. இரண்டாவது, ஐந்து நாளைக்குரிய மாத்திரைகளுக்கான மருந்துக் கடை ரசீது. மூன்றாவது, "வளர்ச்சி இல்லை" என்று கூறும் மற்றோர் அறிக்கை. நான்காவது, அதற்கு மூன்று வாரம் கழித்து, ஆறு மாதக் கர்ப்பிணியான அவ்வம்மையார் குளிர்காய்ச்சலோடும் விலாவலியோடும் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, சிறுநீரகத் தொற்றுக்காக ஏழு நாள் சிகிச்சை பெற்றுத் திரும்பியதற்கான சீட்டு.

கணக்குப் பார்ப்பவனுக்குத் தொகையைக் காட்டிலும் தேதியிலேதான் முதலிற் கண் செல்லும். மருந்து வாங்கிய நாள், இரண்டாவது மாதிரி கொடுத்த நாளுக்கு இரண்டு நாள் முந்தியதாக இருந்தது. அவ்வாறாயின் "வளர்ச்சி இல்லை" என்னும் அறிக்கை, கிருமி இல்லை என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது. மருந்து உடலில் இருக்கும்பொழுது எடுத்த சிறுநீரில் கிருமி வளராமற் போவதில் வியப்பு ஒன்றுமில்லை. சரக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு இருப்புச் சரிபார்த்தது போன்றதே அது. அக்குடும்பத்தார் அறிக்கையை முழுதும் நம்பினர். எஞ்சிய மாத்திரைகளையும் உட்கொள்ளாமல் நிறுத்திவிட்டனர். மருத்துவமனைச் செலவையும் ஒரு மாதத் தறிக்கூலி இழப்பையும் கூட்டிப் பார்த்தபொழுது, இவ்விஷயத்தை நம் அங்கத்தினர் யாவருக்கும் விளக்கி எழுதுதல் நலம் எனத் தோன்றியது. அவ்வம்மையாரின் இசைவு பெற்றே எழுதுகின்றேன். யான் மருத்துவன் அல்லேன். கேட்டும் படித்தும் தெளிந்தவற்றையே கூறுகின்றேன். சிகிச்சையைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

குடலில் இயல்பாக வாழும் கிருமிகள், சிறுநீர் வெளிவரும் குழாயின் வழியே மேலேறிச் சிறுநீர்ப்பையிற் குடிபுகுவதே இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம். 1885-ஆம் ஆண்டில் தியோடோர் எஷரிக் என்னும் குழந்தை வைத்தியர் கண்டு விவரித்ததும், பிற்பாடு அவர் பெயராலேயே வழங்குவதும் ஆகிய ஈ. கோலை என்ற கிருமியே நான்கில் மூன்று பங்கு நோயாளிகளிடம் காணப்படுகின்றது. பெண்களுக்கு அக்குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர். ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்களை இந்நோய் மிகுதியாகப் பற்றுவதற்கு இவ்வொரு கணக்கே போதிய விளக்கமாகும். நம் தொழிலில் இதனோடு மற்றொன்றும் சேர்ந்துகொள்கின்றது. குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தால் எழுந்து வருவது எளிதன்று. அருகிற் கழிப்பிடமும் இராது. ஆதலின் நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொள்கின்றனர், வந்த சிறுநீரையும் அடக்குகின்றனர். நாற்று நடவுக்குச் செல்லும் பெண்களின் நிலையும் இதுவே. தேங்கிய நீரிற் பாசி படர்வதைப் போல, தேங்கிய சிறுநீரிற் கிருமி பெருகுகின்றது.

சோதனையின் மூன்று படிகள்

சிறுநீரைக் கொண்டு நோயறிதல் நமக்குப் புதிதன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகளைச் சித்த வைத்தியர் நன்கறிவர். இக்காலத்து ஆய்வுச்சாலை செய்வது வேறு வகை. அங்கு முதலில் நிகழ்வது நோயை உறுதிசெய்தல் அன்று, சலித்தெடுத்தல். வரும் மாதிரிகளிற் பெரும்பகுதி தொற்று இல்லாதவையே. அவற்றை விரைவாகவும் குறைந்த செலவிலும் ஒதுக்கிவிட்டு, ஐயத்துக்கு இடமானவற்றை மட்டும் மேற்சோதனைக்கு அனுப்புவதே சலித்தெடுத்தலின் நோக்கம். பால் சங்கத்தில் பால்மானியை இட்டுப் பார்ப்பதை இதற்கு ஒப்பிடலாம். பால்மானி ஐயத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது.

முதற் படி சோதனைப் பட்டை. ஒரு சிறு பிளாஸ்டிக் பட்டையில் பல கட்டங்களாக மருந்தூட்டிய வில்லைகள் ஒட்டப்பட்டிருக்கும். அதனைச் சிறுநீரில் நனைத்தெடுத்து, குறித்த நேரத்தில் நிறமாற்றத்தைப் பார்க்கின்றனர். தொற்றுக்கு உரியவை இரண்டு கட்டங்கள். ஒன்று வெள்ளணுக்களைக் காட்டுவது. நோயை எதிர்க்க வரும் வெள்ளணுக்களிலுள்ள ஒரு நொதிப்பொருளால் அது சுமார் 2 நிமிடத்தில் ஊதா நிறமாகும். மற்றொன்று நைட்ரைட்டைக் காட்டுவது; அது சுமார் 1 நிமிடத்தில் இளஞ்சிவப்பாகும்.

இந்த இரண்டாவது கட்டத்தைப் பற்றி நெசவாளர்களாகிய நாம் சற்று நின்று கவனிக்கலாம். நாம் உண்ணும் உணவிலிருந்து நைட்ரேட் என்னும் உப்பு சிறுநீரில் இயல்பாகவே சேர்கின்றது. ஈ. கோலை போன்ற கிருமிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றிவிடுகின்றன. சாயப்பட்டறையில் நாப்தால் சாயம் போடுவதைக் கண்டவர்க்கு நைட்ரைட் அறிமுகமான பொருளே. பேஸைக் கரைக்கையில் அமிலத்தோடு சோடியம் நைட்ரைட் சேர்ப்பதும், நாப்தாலில் தோய்ந்த நூலை அத்தொட்டியில் இட்டவுடன் நூலின் மேலேயே நிறம் எழுவதும் அவர்கள் நாள்தோறும் காணும் காட்சி. சோதனைப் பட்டையில் நிகழ்வதும் அதே ரசாயனம். வேண்டிய மற்றப் பொருள்கள் யாவும் வில்லையில் முன்னமே உள்ளன. இல்லாதது நைட்ரைட் ஒன்றே. கிருமி அதனைக் கொண்டுவந்து கொடுத்தால் அங்கே ஒரு துளி சாயம் பிறக்கின்றது! இவ்விரண்டுக்கும் மூலமான டயஸோ கூட்டுப்பொருள்களை 1858-இற் கண்டறிந்தவர் பீட்டர் கிரீஸ் என்னும் ஜெர்மானியர். அவர் பின்னர் இங்கிலாந்தில் பர்ட்டன் நகரத்தில் ஒரு பீர் வடிசாலையின் ரசாயன நிபுணராக இருந்தார் என்பது ஒரு வேடிக்கையான செய்தி.

இப்பட்டையின் குறைகளையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். நைட்ரேட் நைட்ரைட்டாக மாறுவதற்குச் சிறுநீர் பையிற் சுமார் 4 மணி நேரமேனும் தங்கியிருத்தல் வேண்டும். அடிக்கடி கழிப்பவரிடம், அதாவது இந்நோயின் முதன்மையான அடையாளத்தை உடையவரிடமே, இது பிழைபடக்கூடும். சில வகைக் கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. வைட்டமின் சி மாத்திரை மிகுதியாக உட்கொண்டவரிடமும் நிறம் எழாமற் போகலாம். ஆகவே நைட்ரைட் கட்டம் சிவந்தால் தொற்று இருப்பதாகக் கொள்ளப் பெரிதும் இடமுண்டு. சிவக்காவிடில் தொற்று இல்லை என்று கொள்ளுதல் கூடாது. தொற்றுடைய இருவரில் ஒருவரை அது தவறவிட்டுவிடக்கூடும். இன்னொன்று: பட்டைகளை வைத்திருக்கும் புட்டியின் மூடி திறந்து கிடந்தால் ஈரக்காற்றுப் பட்டு அவை கெட்டு, இல்லாத நைட்ரைட்டையும் காட்டும். சாயமருந்து டப்பாவைத் திறந்து போட்டால் என்ன ஆகும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாம் படி மைக்ராஸ்கோப்பிற் பார்த்தல். அறிக்கைகளில் "பஸ் செல்ஸ்" என்று குறிக்கப்படும் சீழணுக்களை இதிற் காண்கின்றனர். சிறுநீரைச் சுழற்றிப் படியவைத்துப் பார்க்கையில் ஒரு பார்வைக் களத்தில் 5-க்கு மேற்பட்டால் மிகுதி என்பது பொது வழக்கு. சீழணு மிகுதி அழற்சியைக் காட்டுமேயன்றிக் கிருமியைக் காட்டாது. கல்லடைப்பிலும் சீழணு வரும்.

மூன்றாம் படியே தீர்ப்புக்குரியது. அதுவே கல்ச்சர் என்று வழங்கும் வளர்ப்புச் சோதனை. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார் என்னும் பசையில் கிருமிகளுக்கு வேண்டிய சத்தைச் சேர்த்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவைக்கின்றனர். பாவுக்குப் போடும் கஞ்சி ஆறிக் கட்டியானாற்போல அது இருக்கும். (1881-82 ஆண்டுகளில் ராபர்ட் காக்கின் ஆய்வுச்சாலைக்கு இவ்வுபாயத்தைத் தந்தவர் ஃபேனி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி. சமையலறையில் கையாண்டு பழகிய பொருளையே அவர் எடுத்துக் கூறினார்.) இத்தட்டில், 0.001 மில்லிலிட்டர் மட்டுமே ஏந்தும் ஒரு கம்பி வளையத்தாற் சிறுநீரைத் தடவி, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு முழுதும் வைக்கின்றனர். மறுநாள் ஒவ்வொரு கிருமியும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக நிற்கும். புள்ளிகளை எண்ணி ஆயிரத்தாற் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் இருந்த கிருமிகளின் தொகை வந்துவிடும்.

எத்தனை இருந்தால் நோய்? அமெரிக்காவிற் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எட்வர்ட் காஸ் 1956-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட ஆராய்ச்சிகளில், ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சம் என்னும் எல்லையை வகுத்தார். வெளியிலிருந்து கலந்த கிருமிகளையும் பையிலேயே வளர்ந்த கிருமிகளையும் பிரித்தறிவதற்கு ஏற்பட்ட எல்லை அது. எரிச்சலும் வலியும் உடைய பெண்களிடம் இதனினும் மிகக் குறைந்த தொகையும் உண்மையான தொற்றைக் குறிக்கக்கூடும் என்று 1982-இல் வால்டர் ஸ்டாம் முதலியோர் காட்டினர். ஆகையால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது பொருந்தாது. யாருடைய மாதிரி, என்ன துன்பத்துக்காகக் கேட்கப்பட்டது என்பதும் வேண்டும். சிறுநீர் இயல்பிற் கிருமியே அற்றது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. நலமுடையோரின் சிறுநீர்ப்பையிலும் சில கிருமிகள் வாழ்கின்றன என்பதை அண்மைக்கால ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன.

மாதிரி கெடும் விதம்

இவ்வளவு நுட்பமான சோதனையும், கையில் வரும் மாதிரி பழுதாயின் பயனற்றுப் போகின்றது. பருத்திப் பொதியிலிருந்து கையளவு எடுத்துத் தரம் பார்க்கையில், மேலே கிடந்த தூசியையும் சருகையும் சேர்த்து எடுத்தால் தரம் யாருடையது ஆகும்? மேற்சொன்ன அம்மையாரின் முதல் மாதிரி, பழைய டானிக் புட்டியில் வீட்டிற் பிடிக்கப்பட்டது. சந்தைக்குப் போன கணவர், வழியில் நூல் வாங்கும் வேலையையும் முடித்துக்கொண்டு பிற்பகலில் ஆய்வுச்சாலையிற் கொடுத்தார். இடையே கழிந்தது ஏறக்குறைய 5 மணி நேரம், மாதமோ சித்திரை.

அவ்வைந்து மணி நேரத்தில் என்ன நிகழும் என்பதைக் கூட்டு வட்டிக் கணக்காகவே காட்டிவிடலாம். தக்க சூட்டில் இக்கிருமிகள் 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. தோலிலிருந்து கலந்த 400 கிருமிகள் ஒரு மில்லிலிட்டரில் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் 1 மணியில் 1,600. 2 மணியில் 6,400. 3 மணியில் 25,600. 4 மணியில் 1,02,400. காஸ் வகுத்த எல்லையை அது தாண்டிவிட்டது! நோய் உடலில் இல்லை, புட்டியில் வளர்ந்தது. இதனாலேயே மாதிரியை 2 மணி நேரத்துக்குள் ஆய்வுச்சாலையிற் சேர்க்க வேண்டுமென்றும், இயலாவிடில் 4 டிகிரிக் குளிரில் 24 மணி நேரத்துக்கு மேற்படாமல் வைத்திருக்கலாமென்றும் விதித்துள்ளனர். போரிக் அமிலம் இட்ட குழாய்களும் உள்ளன. அவை கிருமி பெருகாமல் தடுக்கும். தொலைவிலுள்ள கிராமத்தார் ஆய்வுச்சாலையில் அக்குழாயைக் கேட்டுப் பெறலாம். அல்லது அங்கேயே சென்று கொடுத்துவிடலாம். பின்னதே மேல்.

பிடிக்கும் முறையும் எளிதே. ஆய்வுச்சாலையார் தரும் கிருமி நீக்கிய குப்பியையே பயன்படுத்துதல் வேண்டும். வீட்டுப் புட்டியை எவ்வளவு கழுவினாலும் உதவாது. கையைச் சோப்பிட்டுக் கழுவி, வெளியுறுப்பைத் தூய நீராற் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். டெட்டால் போன்ற மருந்துநீர் வேண்டா, அது மாதிரியிற் கலந்து கிருமியைக் கொன்றுவிடும். பெண்கள் தோல் மடிப்புகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் நடுவில் வருவதைக் குப்பியிற் பிடித்தல் வேண்டும். முதற் பகுதி குழாயின் வாயிலுள்ள அழுக்கை அடித்துக்கொண்டு போகும். நடுப்பகுதியே பையின் நிலையைக் காட்டும். குப்பியின் உட்புறத்திலோ மூடியின் உட்புறத்திலோ விரல் படலாகாது. பெயரோடு பிடித்த நேரத்தையும் எழுதிக் கொடுப்பது நன்று. மாதவிலக்குக் காலமாயின் சொல்லிவிட வேண்டும். இரவெல்லாம் பையிலிருந்த காலைச் சிறுநீரே சிறந்தது. துன்பம் மிகுந்தவர் அதற்காக மறுநாள் வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

முடிவாக ஒன்று, உண்மையில் முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டியது: ஆன்டிபயாட்டிக் மருந்தின் முதல் வேளைக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுதல் வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி ஆகியவை இருந்தால் அறிக்கைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாதிரியை எடுத்துக்கொண்டே அங்கு சிகிச்சையைத் தொடங்குவர்.

யாருக்குச் சோதனை, யாருக்கு வேண்டா

எந்தத் துன்பமும் இல்லாத நலமுடையோர் கிருமிக்காகச் சிறுநீரைச் சோதித்துக்கொள்ளுதல் வீண் செலவு. முதிய பெண்களிடம் யாதொரு நோயும் இன்றியே கிருமி காணப்படுவது சாதாரணம்; நீரிழிவு உடையோரிடமும் அவ்வாறே. துன்பம் இல்லாதபோது அதற்கு மருந்து கொடுப்பதாற் பயனில்லை என்பதே இக்காலத்து நிபுணர் கொள்கை. மருந்து கொடுத்தாற் கெடுதல் உண்டு. அரைகுறையாகவும் அவசியமின்றியும் உட்கொள்ளும் மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவிடுகின்றன. நம் நாட்டு ஈ. கோலை, முன்பு கேட்ட பல மாத்திரைகளுக்கு இப்பொழுது கட்டுப்படுவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. இதன் பொருட்டே வளர்ப்புச் சோதனையோடு, மருந்து தோய்த்த காகித வட்டுகளைத் தட்டில் வைத்து, எந்த வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வெளி விழுகின்றது என்று பார்த்து, எந்த மருந்து கேட்கும் என்பதையும் அறிக்கையில் எழுதுகின்றனர். மாத்திரை அட்டையிற் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது என்பதை 2016-இல் அரசாங்கம் விளம்பரப்படுத்தியது. நான் பார்த்த ரசீதுக்குப் பின்னே சீட்டு ஏதும் இல்லை.

கர்ப்பிணிகளின் விஷயம் முற்றிலும் வேறு. நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு எரிச்சலோ வலியோ இன்றியே சிறுநீரிற் கிருமி இருக்கக்கூடும். கருப்பையின் அழுத்தத்தாலும் உடல் மாறுதலாலும் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்திருப்பதால், அது சிறுநீரகத்துக்கு ஏறுவது எளிது. சிகிச்சையின்றி விட்டால் நால்வரில் ஒருவருக்குச் சிறுநீரகத் தொற்று வந்ததாகப் பழைய ஆய்வுகள் கூறின. அண்மை ஆய்வுகள் சில இதனிற் குறைவாகக் காட்டினும், தாய்க்கும் சிசுவுக்கும் உள்ள அபாயம் கருதிச் சோதனை செய்வதையே நிபுணர் பலர் பரிந்துரைக்கின்றனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில், கர்ப்பிணிகளுக்கு வளர்ப்புச் சோதனையையே முதலாவதாகக் கூறுகின்றது. அது இல்லாத இடத்தில் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பிற் பார்த்தலைச் சோதனைப் பட்டையினும் மேலாகக் கொள்கின்றது. இங்கே நம்மவரிடம் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் சிறுநீரிற் பார்ப்பவை ஆல்புமினும் சர்க்கரையும். அவை வேறு நோய்களுக்கு உரியவை, கிருமித் தொற்றைக் காட்டா. "சிறுநீர் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை" என்று அமைதி கொள்ளாமல், கல்ச்சர் பார்க்கப்பட்டதா என்று மருத்துவரைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே ஒருமுறை பார்ப்பது முறை.

சாயப்பட்டறையில் வேலை செய்வோர்க்கு ஒரு வார்த்தை. வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் கண்டால் அதனைத் தொற்று என்று தாமே தீர்மானித்துவிடலாகாது. பென்சிடின் என்னும் பொருளிலிருந்து செய்த சாயங்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாதல் கருதி 1990-களில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. பழைய தொழிலாளர்கள் தம் வேலையின் வரலாற்றை மருத்துவரிடம் கூறுதல் அவசியம்.

இனி அந்த முதல் அறிக்கைக்கு வருவோம். "கலப்பு வளர்ச்சி" என்பதன் பொருள், மூன்று நான்கு வகைக் கிருமிகள் ஒருங்கே வளர்ந்துள்ளன என்பதே. உண்மையான தொற்றிற் பெரும்பாலும் ஒரு வகையே தனித்து நிற்கும்; பல வகை வருவது மாதிரி மாசுற்றமைக்கு அடையாளம். ஆய்வுச்சாலையார் நேர்மையாக "மறுமுறை அனுப்புக" என்று எழுதியிருந்தனர். குடும்பத்தார் "வளர்ச்சி" என்னும் சொல்லை நோய் என்று படித்துக்கொண்டனர். படிப்பவர்க்கு விளங்கும்படி இரண்டு வாக்கியம் கூடுதலாக எழுதினால் ஆய்வுச்சாலைகளுக்கு என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பி, மாத்திரைகளை முழுதும் முடித்து, பத்து நாள் கழித்து அவ்வம்மையார் மீண்டும் மாதிரி கொடுத்தார். இம்முறை நேரே ஆய்வுச்சாலைக்குச் சென்று காலை 7 மணிக்குப் பிடித்துக் கொடுத்தார், 7.10-க்குப் பதிவாகியிருந்தது. மூன்றாம் நாள் வந்த அறிக்கையும் "வளர்ச்சி இல்லை" என்றே கூறியது. எட்டாம் மாதத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டுமென்று மருத்துவர் எழுதியிருக்கின்றார். அவ்வறிக்கையையும் தேதி வரிசைப்படி மனுவோடு சேர்த்து வைக்கும்படி காரியதரிசியிடம் சொல்லி, முன்பணத்துக்குச் சிபாரிசு எழுதிக் கையொப்பமிட்டேன்.